கடல்வழி வந்தவர்களுக்கு ரிச்மண்டில் ஒரு பகல்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். நானும் என் கணவரும் பாய்மரப் படகில் கடற்பயணம் செய்கிறவர்கள். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது நாங்கள் படகை விட்டுக் கரையேறி, ஒரு பகல் முழுக்க நடந்து பார்த்த ஒரு சிற்றூரைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது ரிச்மண்ட்.

படகுக்காரர்கள் பலர் அங்கே போவதில்லை. எனக்கு அதில் மனவருத்தம்தான். ஸ்டார்ம் பே விரிகுடாவைக் கடந்து, 1832-இல் கட்டிய அயர்ன் பாட் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, டெர்வென்ட் ஆற்றுக்குள் வந்து படகைத் துறையில் கட்டுவதற்குள் உடம்பு ஓய்ந்துபோகும். அதற்குப் பிறகு டீசல், குடிநீர், துணி துவைப்பது, கிழிந்த பாயைத் தைக்கக் கொடுப்பது என்று நாட்கள் ஓடிவிடும். துறைமுகத்தைச் சுற்றியே நடந்துவிட்டு, அடுத்த நல்ல காற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள். 1945 முதல் நடக்கும் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் 628 கடல் மைல் ஓடி வருகிறவர்களுக்கும் இதே கதைதான். ஆனால் ஒரு துறைமுகம் எதற்காக உண்டானது என்று அறிய, அதன் பின்னால் இருக்கும் வயல்களுக்குப் போக வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

படகை நங்கூரத்தில் விட்டுவிட்டுப் பகல் முழுக்க விலகிப் போக மனம் ஒப்பாது. டெர்வென்ட்டில் கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று பலமாக எழும். நங்கூரம் இழுபட்டால் பார்க்க ஆள் இருக்காது. அதனால் துறையில் ஓர் இடம் எடுத்துக் கட்டி, கயிறுகளை இரட்டையாகப் போட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறினோம். பேருந்து டாஸ்மன் பாலத்தைக் கடந்தபோது என் கணவர் பேசாமல் கீழே பார்த்துக்கொண்டு வந்தார். 1975 ஜனவரி 5-ஆம் நாள் இரவு லேக் இலவாரா என்ற சரக்குக் கப்பல் அந்தப் பாலத்தின் தூண்களில் மோதி, பாலத்தின் ஒரு பகுதியே சரிந்து விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் ஆற்றின் அடியில்தான் கிடக்கிறது. கடலோடிகளுக்கு அந்த இடம் ஒரு சமாதி.

ரிச்மண்ட் கோல் ஆற்றின் கரையில் இருக்கிறது. 1803-இல் ஜான் போவன் தலைமையில் பிரிட்டிஷார் ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் குடியேறினார்கள். அவர்களில் சிலர் இந்த ஆற்றோரம் நிலக்கரியைக் கண்டதால் ஆற்றுக்கு ஆங்கிலத்தில் நிலக்கரியைக் குறிக்கும் கோல் (Coal) என்ற பெயர் வந்தது. ஆனால் ஊரை வளர்த்தது கோதுமை. அன்று வான் டீமன்ஸ் லேண்ட் என்று அழைக்கப்பட்ட இந்தத் தீவிலிருந்துதான் சிட்னிக்குக் கப்பலில் கோதுமை போனது. அந்த விளைச்சலில் இந்தப் பள்ளத்தாக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. ஹோபார்ட் துறையில் எங்கள் படகு கட்டியிருந்த இடத்துக்கும் இந்த வயல்களுக்கும் உள்ள உறவு அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆற்றைக் கடக்க வழி வேண்டுமே. 1823 டிசம்பரில் கல் நாட்டி, 1825-இல் பாலத்தை முடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் இன்னும் போக்குவரத்தில் இருக்கும் பாலங்களில் இதுவே மிகப் பழையது. இன்றும் அதன்மேல் கார்கள் போகின்றன. நாங்கள் ஆற்றங்கரைப் புல்லில் இறங்கி, வளைவுகளுக்குக் கீழே நின்று நெடுநேரம் பார்த்தோம். படகு வேலை தெரிந்த கண்ணுக்குக் கோடு கொஞ்சம் பிசகினாலும் தெரிந்துவிடும். பாலத்தின் மேல்கோடு நேராக இல்லை என்று என் கணவர் காட்டினார். 1884 வெள்ளத்தில் தூண்கள் சற்று அமிழ்ந்ததன் விளைவு அது. மணற்கல்லைப் பக்கத்தில் உள்ள புட்சர்ஸ் ஹில் குன்றில் வெட்டி, கைவண்டியில் ஏற்றித் தங்கள் உடம்பாலேயே இழுத்து வந்தவர்கள் கைதிகள். பிரிட்டனிலிருந்து இந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் 70,000-க்கும் மேல். எல்லோரும் எங்களைப் போலப் பாய்க்கப்பலில் இதே கடலைக் கடந்தவர்கள், ஆனால் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டு. அவர்களுக்குச் சவுக்கடி கொடுக்கும் வேலையில் இருந்த ஜார்ஜ் குரோவர் 1832-இல் இந்தப் பாலத்தில்தான் கொல்லப்பட்டார். சுற்றுலாக்காரர்களிடம் அவருடைய பேய்க்கதையைத்தான் சொல்கிறார்கள். கல் இழுத்தவர்களின் முதுகைப் பற்றிச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

இவ்வளவு பழைய ஊர் எப்படி இடிபடாமல் தப்பியது? இதற்கான பதில் கடல் பக்கத்தில் இருக்கிறது. கோல் ஆறு பிட் வாட்டர் என்ற ஆழமில்லாத உவர்நீர்ப் பரப்பில் போய் விழுகிறது. 1872-இல் அந்த நீர்ப்பரப்பின் குறுக்கே சொரெல் தாம்போதியை, அதாவது நீரின் குறுக்கே மேடாக்கிப் போட்ட சாலையை, திறந்தார்கள். அதுவரை ஹோபார்ட்டிலிருந்து கிழக்கே போகிறவர்கள் ரிச்மண்ட் வழியாகத்தான் போக வேண்டும். தாம்போதி வந்ததும் வழி சுருங்கிவிட்டது. வண்டிகள் ஊரை விட்டு விலகின, வியாபாரம் விலகியது. பழையதை இடித்துப் புதியது கட்ட யாரிடமும் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. அப்படித்தான் அந்த மணற்கல் வீடுகள் மிஞ்சின. பயண ஏடுகள் இதை ஊர்க்காரர்களின் பழமைப் பற்றாக மட்டும் எழுதுகின்றன. பழமையைப் போற்றுவது பின்னால் வந்தது. முதலில் நடந்தது ஊர் கைவிடப்பட்டதுதான்.

மதியம் ஒரு பேக்கரியில் கறிப்பொடி சேர்த்த ஸ்காலப் பை (pie) சாப்பிட்டோம்; ஸ்காலப் என்ற சிப்பியின் சதையை மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டம். டாஸ்மேனியாவுக்கே உரிய கடலுணவு அது, தவறவிடாதீர்கள். செயின்ட் லூக்ஸ் தேவாலயத்தையும், 1837-இல் திறந்த செயின்ட் ஜான்ஸ் கத்தோலிக்க தேவாலயத்தையும் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

மீதி நேரமெல்லாம் சிறைச்சாலையில் கழிந்தது. உள்ளே வர வேண்டாம் என்றுதான் என் கணவர் முதலில் நினைத்தார். பிறகு அவர்தான் கிளம்ப மனமில்லாமல் நின்றார். 1825-இல் கட்டத் தொடங்கிய சிறை இது. டாஸ்மேனியாவில் எல்லோரும் அறிந்த கைதிகள் குடியிருப்பான போர்ட் ஆர்தரைவிட ஐந்து ஆண்டு மூத்தது. தனிமைச் சிறைகள் சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், சன்னல் கிடையாது. எங்கள் படகில் நாங்கள் படுக்கும் மூலை அதைவிடப் பெரியது. கதவைச் சாத்திக்கொண்டு நின்று பார்த்தேன். கண் பழகவே இல்லை.

இந்தச் சிறையில் வைக்கப்பட்டவர்களில் ஒருவரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். யூமாரா என்பவர் இந்த மண்ணின் பூர்வகுடித் தலைவர். குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே 1820-களில் மூண்ட கறுப்புப் போரில் தன் மக்களுக்காக நின்றவர். ரிச்மண்டின் தலைமைக் காவலர் கில்பர்ட் ராபர்ட்சன் 1828-இல் அவரைப் பிடித்தார். ஓராண்டு அளவுக்கு அவரை இங்கே அடைத்து வைத்தார்கள். பாலத்தையும் கோதுமையையும் கொண்டாடுகிற ஊரில், அந்த வயல்கள் யாருடைய நிலத்தில் உழப்பட்டன என்பதற்கு இந்தக் கட்டடமே சாட்சி. அதனால்தான், ரிச்மண்டில் உங்களுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே கிடைத்தாலும் சிறைக்குப் போங்கள் என்கிறேன்.

ஹோபார்ட்டுக்குக் கடல்வழி வருகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. போர்ட் ஆர்தருக்குப் போகும் திட்டம் இருந்தால், அதற்கு முன்பே ரிச்மண்டைப் பார்த்துவிடுங்கள். கைதிகளின் உழைப்பில் ஒரு குடியேற்றம் எப்படி நடந்தது என்பதை வயலிலிருந்தும் பாலத்திலிருந்தும் தெரிந்துகொண்டு போனால், அங்கே காண்பது தெளிவாகப் புரியும். காலைப் பேருந்தில் கிளம்பினால் மாலைக்குள் படகுக்குத் திரும்பிவிடலாம். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.