க்ரூஸ் பள்ளத்தாக்கில் மோனே

நேயர்களுக்கு வணக்கம்.

1889ஆம் ஆண்டு பிப்ரவரியில், கலை விமர்சகர் குஸ்தாவ் ஜெஃப்ருவாவுடன் ஓவியர் குளோத் மோனே நடுப் பிரான்சில் உள்ள ஃப்ரெஸ்லீன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த கவிஞர் மொரிஸ் ரொலினாவைக் காண்பதற்காகவே அந்தப் பயணம். ஆனால், பெரிய க்ரூஸ், சிறிய க்ரூஸ் என்னும் இரண்டு ஆறுகள் பாறைக் குன்றுகளுக்கிடையே வந்து கலக்கும் பள்ளத்தாக்கைக் கண்ட மோனே, அடுத்த மாதமே வண்ணங்களோடு திரும்பிவந்து, மே மாதம் வரை தங்கி, இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார்.

அவற்றில் பல, ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து பார்த்து வரையப்பட்டவை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டைப் பார்ப்போம். ஒன்று மேகமூட்டமான நாளுக்குரியது, மற்றொன்று வெயிலுக்குரியது. இரண்டிலும் மலைச்சரிவுகள் மேலெழுந்து வானத்தை ஒரு குறுகிய பட்டையாக ஒதுக்கிவிடுகின்றன, நடுவே ஆறு வளைகிறது, வீடில்லை, மனிதரில்லை. வடிவங்கள் மாறவில்லை என்பதால் நம் கண், மாறியது எது என்று தேடத் தொடங்குகிறது. மேகமூட்டத்தில் சாம்பலும் ஊதாவுமாக அடங்கிக் கனத்துக் கிடந்த அதே சரிவு, வெயிலில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சிதறி, பாறை என்ற கனத்தையே இழந்து நிற்கிறது. நிழலுக்குக் கறுப்பைத் தேடாமல் நீலத்தையும் ஊதாவையும் அடுத்தடுத்து வைத்த அந்தச் சிறு தூரிகைத் தீற்றல்களே இந்த மாற்றத்தை நிகழ்த்துகின்றன.

இந்த வேலை எளிதாக நடக்கவில்லை. மழை ஓயவில்லை, ஆற்றின் நீர்மட்டம் ஏறி இறங்கியது, அதோடு வண்ணமும் மாறியது. மே மாதம் வந்தபோது, குளிர்காலத்து மொட்டை மரமாக அவர் வரைந்துகொண்டிருந்த முதிய ஓக் மரம் தளிர்விட்டுவிட்டது. மோனே மரத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, ஆட்களை ஏணியில் ஏற்றி, இலைகளை எல்லாம் பறிக்கச் செய்தார். இதை, பின்னாளில் தம் மனைவியான அலிஸ் ஒஷெதேவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே மகிழ்ச்சியோடு தெரிவித்திருக்கிறார். கண்ணெதிரே இருப்பதை இருக்கிறபடியே வரைபவர் என்று பெயர்பெற்ற கலைஞர் இயற்கையையே திருத்தலாமா என்று கேட்கத் தோன்றும். அவர் வரைய வந்தது மரத்தை அன்று, மரத்தின்மேல் படிந்த ஒரு பருவத்தின் ஒளியை என்பதே என் துணிபு; அந்தப் பருவம் கைநழுவிப் போவதை அவரால் தாங்க முடியவில்லை.

அந்த ஆண்டு ஜூனில் பாரிஸின் ஜோர்ஜ் பெத்தி கலைக்கூடத்தில், சிற்பி ஒகுஸ்த் ரோதானின் படைப்புகளோடு சேர்த்து மோனேயின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, க்ரூஸ் ஓவியங்களும் அவற்றில் இடம்பெற்றன. மறு ஆண்டு அவர் தொடங்கிய புகழ்பெற்ற வைக்கோற்போர் வரிசையைத்தான் பலரும் இந்த முறையின் தொடக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். ஒரே காட்சியை மாறும் ஒளியில் திரும்பத் திரும்ப வரையும் அந்த உறுதி, க்ரூஸ் பள்ளத்தாக்கின் மழையிலேயே அவருக்கு வாய்த்துவிட்டது என்று நான் கருதுகிறேன்.