ஐஸ் அணை மிதந்தது... ஒரு நிலப்பரப்பே உருமாறியது!

(திரையில்: வறண்ட பாறைச் சரிவு, மேலிருந்து எடுத்த காட்சி)

நீங்கள் பார்ப்பது ஒரு அருவி. தண்ணீர் எங்கே என்கிறீர்களா? அதுதான் விஷயமே! உயரம் சுமார் 120 மீட்டர், அகலம் 5 கிலோமீட்டருக்கு மேல். நயாகரா இதில் பாதி உயரம்கூட இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் இதன் பெயர் டிரை ஃபால்ஸ்.

இதைச் செதுக்கிய தண்ணீர் எங்கிருந்து வந்தது? பதில் தெரிய கொஞ்சம் கெமிஸ்ட்ரி வேண்டும். ஓடிவிடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. உறையும்போது இடைவெளி விட்டு அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன. அதனால் பெரும்பாலான பொருட்கள் உறைந்தால் சுருங்க, தண்ணீரோ சுமார் 9 சதவீதம் விரிகிறது. இப்படி விரிந்தே பாறை இடுக்குகளைப் பிளக்கிறது. விரிந்ததால் லேசாகி மிதக்கும் ஐஸில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருக்கும். இந்தக் கணக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: பனிப்பாறை அனிமேஷன்)

இப்போது கடைசிப் பனியுகத்துக்குப் போவோம். வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறை ஒன்று, அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கிளார்க் ஃபோர்க் ஆற்றை அடைத்துக்கொண்டது. பின்னால் தேங்கியது மிசூலா ஏரி. அணையருகே ஆழம் சுமார் 600 மீட்டர். கான்கிரீட் அணைக்கு நீர்மட்டம் உயர்ந்தால் அழுத்தம்தான் பிரச்சினை. ஐஸ் அணைக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: தண்ணீர் அதன் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கினால், அணையே மிதக்கப் பார்க்கும்! அடியில் தண்ணீர் புகும், ஐஸ் நொறுங்கும், சில நாட்களில் ஏரி காலி. அப்புறம்? பனிப்பாறை மறுபடி நகர்ந்து வந்து அடைக்கும். இப்படி டஜன் கணக்கில் வெள்ளங்கள் வந்திருக்கின்றன. அவை வழியிலிருந்த மண்ணை வழித்தெடுத்து, எரிமலைப் பாறையையே பெயர்த்துக்கொண்டு போயின. டிரை ஃபால்ஸைச் செதுக்கியதும் இவைதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சாட்சி வேறு. ஆற்று மணலில் அலை அலையாக வரிகள் பார்த்திருப்பீர்களே, விரல் உயரத்தில்? ஏரி இருந்த மொன்டானா மாநிலத்தின் காமாஸ் பிரெய்ரி சமவெளியில் அதே வரிகள், சில இடங்களில் 10 மீட்டர் உயரம்! தரையில் நின்றால் சாதாரண மேடு போலத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் உண்மை புரியும்.

1923-ல் ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற புவியியலாளர், இதெல்லாம் மாபெரும் வெள்ளத்தின் வேலை என்றார். நிலம் மெல்ல மெல்லத்தான் அரியும் என்று நம்பிய சக ஆய்வாளர்கள் அவரைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் ஏரி ஒரு மாநிலம் தள்ளி, மொன்டானாவில் இருந்தது! பல பத்தாண்டுகள் கழித்து, 1979-ல், 90 வயதைத் தாண்டியவருக்கு, அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள். எதிரிகள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பீற்றிக்கொள்ளக்கூட ஆளில்லையே என்று மனிதர் மகனிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.