சித்திரம் இருக்கட்டும், சுவரைப் பாருங்கள்

தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எலும்பு மருத்துவர் ஐயா அவர்களே, சிறப்பு ஆசிரியர்களே, பிள்ளை எழுந்தால் பின்னாலேயே ஓடத் தோதாகக் கதவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

இடுப்பு, தூக்கம், மாத்திரை என்று மூன்றைப் பேச வந்தேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். ஆண்டுதோறும் ஏப்ரல் 2 அன்று ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். இன்று அவர்களைத் தாங்கும் சுவரை, அம்மாவைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் இடுப்பு. 3 மாதத்தைத் தாண்டிய வலி நாள்பட்ட வலி. காயம் ஆறியபின்னும் நரம்புகள் அடங்காமல் வலியைக் கூட்டிக் காட்டலாம். தூக்கம் கெட்டால் இன்னும் கூடும். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று இடுப்பு வலியோடு வரும் தாயை அனுப்பிவிடாதீர்கள்.

பேருந்து நிறுத்தக் காட்சி நீங்கள் பார்த்ததுதான். பையனுக்கு 9 வயது, 28 கிலோ. வழக்கமான பச்சை பஸ்ஸுக்குப் பதில் நீல பஸ் வருகிறது. அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் ஒரு தோளில் புத்தகப் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. கண்டக்டர் விசில் அடிக்கிறார். ஒரு பெரியவர், "ரெண்டு போடும்மா, எந்திரிப்பான்" என்கிறார். அவருக்கென்ன, ஜன்னல் சீட்! அம்மா இடுப்பை வளைத்து, ஒற்றைக் கையைப் பிடித்து இழுக்கிறார். சுமை உடம்பைவிட்டு எட்ட இருக்க இருக்க முதுகில் பாரம் பல மடங்கு. பிள்ளை திமிறும்போது இடுப்பும் திருகிக்கொள்கிறது. அவன் தோள்மூட்டுக்கும் ஆபத்து.

அந்த பஸ்ஸை விடுங்கள். முதலில் பையைக் கீழே வையுங்கள். ஒரு முழங்காலை ஊன்றிப் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சைக் குறைத்து, பஸ் படத்தைக் காட்டுங்கள். அவனாக எழும்வரை பொறுங்கள். தூக்கியே ஆகவேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும்.

இரண்டாவது ஆள் எங்கே? அங்கேதான் வருகிறேன். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வழி வந்த நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, பிள்ளைக்கு. சுவருக்கு?

வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டு இரைப்பையைக் கெடுத்துக்கொள்வது பற்றி டாக்டர் ஐயா சொல்வார், மணி அடித்துவிட்டார்கள். தூக்கத்துக்கும் நேரமில்லை.

நான் கேட்பது, அம்மா ஓய்வெடுக்கப் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் சனிக்கிழமை 4 மணி நேரம். தரைத்தளக் கூடம், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள், வெளிச்சம் குறைந்த அமைதியான ஒரு மூலை. முதல் 3 வாரம் அம்மாவும் கூடவே இருக்கட்டும். நான்காவது வாரம் 1 மணி நேரம் மட்டும் வெளியே போகட்டும். முதல் நாளே விட்டுவிட்டுப் போனால் பிள்ளை மிரண்டு, அடுத்த வாரம் வாசற்படி ஏறாது. மாமன்ற உறுப்பினர் அவர்களே, முகூர்த்த நாள் போக மிச்சச் சனிக்கிழமைகளில் நம் சமுதாயக் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. சாவியோடு, கேட்டுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போட்டுக் கொடுங்கள்.