எண் மாறிய நீர்மூழ்கி

நேயர்களுக்கு வணக்கம். மீன்பிடிப் படகில்கூட முன்பக்கம் பெயின்ட்டில் பெரிதாகப் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கிகளுக்கு அப்படி ஆளுக்கொரு பெயர் கிடைக்கவில்லை. 1901-இல் கடலில் இறங்கியது ஹாலண்ட் 1. அதன் வடிவமைப்பைத் தந்த ஜான் ஹாலண்ட் அயர்லாந்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர் பெயரிலேயே ஐந்து படகுகள். அப்புறம் ஏ, பி, சி என்று எழுத்தும் எண்ணும்தான்.

அந்த வரிசையில் கே-13 பற்றித்தான் எனக்குச் சொல்லித் தீராது. போர்க்கப்பல்களோடு சேர்ந்து ஓட 24 நாட், அதாவது மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்றார்கள். அன்றைய டீசல் எஞ்சினால் அது முடியாது. சரி, நீராவிக் கொதிகலனை வைத்தார்கள். நீராவி என்றால் புகைபோக்கி வேண்டும், கொதிகலன் அறைக்குக் காற்று வேண்டும், காற்றுக்குத் துவாரங்கள் வேண்டும். அடுப்பை எரியவிட்டு வீட்டையே குளத்துக்குள் இறக்குகிற மாதிரி! மூழ்கும் முன் அடுப்பை அணைத்து, இரண்டு புகைபோக்கிகளையும் மடக்கி, எல்லாத் துவாரங்களையும் மூட வேண்டும். எல்லாவற்றையும்.

1917 ஜனவரி 29, ஸ்காட்லாந்தின் கேர்லாக் என்ற கடற்கழி. வெள்ளோட்டத்தில் கே-13 மூழ்கியபோது கொதிகலன் அறையின் காற்றுத் துவாரங்கள் திறந்தே இருந்தன. பின்பாதி முழுக்க வெள்ளம். உள்ளே 80 பேர். கப்பல் கட்டிய தொழிலாளர்களும் அதில் உண்டு. வெளியேறி உதவி கேட்கத் துணிந்தவர்களில் ஒருவர் குட்ஹார்ட். அவர் கே-14 என்ற இன்னொரு நீர்மூழ்கியின் தலைவர், பார்வையாளராக ஏறியவர். அந்த முயற்சியிலேயே இறந்தார். 57 மணி நேரம் கழித்து, முன்மூக்கை நீருக்கு மேலே தூக்கி, இரும்பை வெட்டித் துளையிட்டு மற்றவர்களை எடுத்தார்கள். 32 பேர் போய்விட்டார்கள்.

படகை மீட்டுப் பழுது பார்த்து என்ன செய்தார்கள் தெரியுமா? கே-22 என்று எண்ணை மாற்றினார்கள். பதின்மூன்று ராசியில்லாத எண்ணாம்! குறை எண்ணிலா இருந்தது? துவாரங்களில் இருந்தது, நேயர்களே. அந்த 32 பேரைச் சுமந்த எண்ணையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு 1918 ஜனவரி 31 இரவு, ஸ்காட்லாந்தின் மே தீவுக்கு அருகே கடற்படை அணிவகுத்துப் போகிறது. கே-14-இன் சுக்கான் இறுகிக்கொள்கிறது. அதன் மீது வந்து மோதியது எது? கே-22. குட்ஹார்ட்டின் பழைய படகில், அவர் உயிரைவிட்ட படகு போய் மோதியது! இரண்டும் தப்பின. ஆனால் அதே இரவில் தொடர்ந்த மோதல்களில் கே-4, கே-17 இரண்டும் மூழ்கின; நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். எதிரிக் கப்பல் ஒன்றுகூட அங்கே இல்லை.

நேரம் முடியப் போகிறது என்று கைகாட்டுகிறார்கள். அமெரிக்கா பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அவர்கள் ஆடர், ஷார்க், பைக் என்று பாம்பும் மீனுமாகப் பெயர் வைத்திருந்தார்கள். 1911-இல் அவையும் எழுத்தும் எண்ணுமாயின. ஷார்க் ஏ-7 ஆனது. 1930-களில் புதிய படகு ஒன்றுக்கு ஷார்க் என்ற பெயரை மறுபடி வைத்தார்கள். வணக்கம்.