மூன்று விரல் போகிறதா?

(மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு ஞாயிறு காலை, கோயில் மண்டபத்தில் பேசியது. பேச்சை எழுத்தாக்கும்போது சில இடங்களை மட்டும் சரிசெய்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். சமையல்கட்டு வழியாகத்தான் உள்ளே வந்தேன். பாயசம் கொதித்துக்கொண்டிருக்கிறது. பல்லு மிஸ்ஸி வந்துவிட்டாள், இனிமேல் பாயசத்துக்குத் தடை போடுவாள் என்று யாரும் பயப்பட வேண்டாம். நானும் இரண்டு தம்ளர் குடிக்கப் போகிறேன். ஏன் குடிக்கலாம் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

தலைவர் என்னை 'பெஸ்தாரி ஜெயாவின் மகள்' என்று அறிமுகப்படுத்தினார். இந்த ஊருக்கு இப்போது அதுதான் பெயர், பெயர்ப்பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. என் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. தோட்டத்துத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, பினாங்கில் பல் தாதி வேலைக்குப் படித்து, முப்பது வருஷத்துக்குமேல் பிள்ளைகளின் வாயைப் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். முன்வரிசையில் சில பேர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நாலாம் வகுப்பில் என்னைப் பார்த்துக் கழிப்பறைக்குள் ஒளிந்த முகங்கள் எனக்கு மறக்காது.

சரி, மரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, முதன்முதலில் நட்டது 1917-இல், இதோ இந்தத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! அதனால் செம்பனையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. கனோடெர்மா என்ற பூஞ்சை பிடித்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மட்டையெல்லாம் பச்சையாக இருக்கும், குலையும் தள்ளும், ஒரு குறையும் தெரியாது. ஒருநாள் பார்த்தால் குருத்து விரியாமல் இரண்டு மூன்று ஈட்டி மாதிரி நிற்கும், கீழ்மட்டை தொங்கிப்போகும். அன்றைக்குத் தூரை வெட்டிப் பாருங்கள், உள்ளே பாதிக்குமேல் மக்கியிருக்கும்.

பல்லும் அப்படித்தான். பல்லின் மேல் ஓட்டுக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே கெட்டியான பொருள் அது, எலும்பைவிடக் கெட்டி. ஆனால் அதில் நரம்பு கிடையாது. சொத்தை அதை அரிக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்குக்கு இறங்கினால் ஐஸ் தண்ணீர் பட்டுக் கூசும். அதையும் தாண்டி நரம்பைத் தொட்டால்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி உட்காரவைக்கும் வலி. மேல் ஓட்டில் பள்ளம் விழுமுன் வந்தால் ஃபுளோரைடு பூசியே நிறுத்தலாம். கூச்சத்தோடு வந்தால் அடைக்கலாம். ராத்திரி வலியோடு வந்தால் பெரும்பாலும் வேர்ச் சிகிச்சை, இல்லையென்றால் பிடுங்குவது.

நம்ம ஆட்கள் எப்போது வருவார்கள்? பழைய காலத்தில் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் போனால் அவருக்குத் தெரிந்த பல் வைத்தியம் கொறடுதான். அதனால் 'பல் ஆஸ்பத்திரி என்றால் பிடுங்கும் இடம்' என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது. அதற்காக அந்தக் காலத்து ஆட்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கும் வலி வந்து, கிராம்பு வைத்து, மாத்திரை போட்டு, நாலு நாளில் வலி நின்றதும் 'சரியாகிவிட்டது மிஸ்ஸி' என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வலி தானாக நின்றால் சரியானது என்று அர்த்தமில்லை அண்ணே. பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து சீழ் வைத்துக் கன்னம் வீங்கும்போது மறுபடி பார்ப்போம்.

அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, குறைந்தது வருஷத்துக்கு ஒரு தடவை, எந்த வலியும் இல்லாத ஒரு நாளில் பல் கிளினிக்குக்குப் போங்கள். எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் வாயைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார். அரசாங்கக் கிளினிக்கில் ஆகும் செலவு சில வெள்ளிகள்தான்.

இப்போது பாயசத்துக்கு வருகிறேன். இனிப்பு பட்டதும் வாயில் இருக்கும் கிருமி அமிலம் சுரக்கும். உமிழ்நீர் அதைக் கழுவிச் சமன்செய்ய அரை மணி நேரம்வரைகூட ஆகும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு தம்ளர் பாயசம் குடித்தால் பல்லுக்கு ஒரே ஒரு அடி. ஆனால் லாரி ஓட்டும் தம்பி காலையில் என்ன செய்கிறார்? தே ஐஸ் புங்குஸ், அதாவது பையில் கட்டிய ஐஸ் டீ, ஒன்று வாங்குகிறார். பையின் கயிற்றைக் கொக்கியில் மாட்டி, ஸ்ட்ராவை வளைத்துவிட்டு, கோலசிலாங்கூர் போய்த் திரும்பும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு உறிஞ்சு. உமிழ்நீர் கழுவி முடிக்குமுன் அடுத்த உறிஞ்சு. மத்தியானம்வரை பல் அமிலத்திலேயே ஊறுகிறது. எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. குடிக்கிறதை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, பையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

பல் தேய்ப்பதைப் பற்றி ரொம்பப் பேசமாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிஷம். ஒன்றை விடத்தான் வேண்டுமென்றால் காலையை விடுங்கள், ராத்திரியை விடாதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும், காவலுக்கு ஆளில்லாத நேரம் அது. தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பற்பசையில் உள்ள ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். நம் குழாய்த் தண்ணீரிலும் ஃபுளோரைடு உண்டு. ஜொகூர் பாருவில் 1957-இல் தொடங்கி, 1972-இலிருந்து நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். லயத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, எங்களுக்கு அடுப்புக்கரிதான். இப்போது அதே கரியை டியூபில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். கரி அன்றைக்கும் எனாமலைத் தேய்த்தது, இன்றைக்கும் தேய்க்கும்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது, அதனால் அது வந்ததே பல வீடுகளில் தெரியாது. சொத்தையானதும், 'பால் பல்தானே மிஸ்ஸி, விழுந்துவிடும்' என்பார்கள். விழாது. அதுதான் நிரந்தரப் பல், அது போனால் மறுபடி முளைக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பல்லைப் பிடுங்கிய நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள். ரத்தம் வருவதே அங்கே அழுக்கு நிற்கிறது என்று காட்டத்தான். அந்த அழுக்கு பல்லில் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ் எடுக்காது, கிளினிக்கில்தான் சுத்தம் செய்யவேண்டும். 'சுத்தம் செய்ததும் பல் ஆடுது' என்று ஒரு புகார் எப்போதும் வரும். எலும்பைக் கரையவிட்டது அந்தக் காரைதான். இத்தனை நாள் சிமெண்ட் மாதிரி அதுவே பல்லைப் பிடித்துக்கொண்டும் இருந்தது. இனிப்புநீர் உள்ளவர்கள் இரட்டிப்பு கவனமாக இருக்கவேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவருக்கு இனிப்புநீர். நம்மவர்களிடம் அது இன்னும் அதிகம்.

அப்புறம், நான் இன்றைக்கு வந்ததே இதைச் சொல்லத்தான்.

எனக்கு ஓர் அத்தை இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போகும்போதே இடுப்பில் சுருக்குப்பை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. கடைசிக் காலத்தில் பல் போனபின் ஒரு சின்ன இரும்பு உரலில் இடித்துப் போடுவார். இடித்ததை இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டுதான் தூங்கவே போவார். தீபாவளிக்குத் தீபாவளி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த உரல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முறுக்கு சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாள்கூட 'அத்தை, வாயைத் திறங்க' என்று சொன்னதில்லை. என் வேலை பிள்ளைகளின் வாய், பெரியவர்களுடையது இல்லை என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

ஒரு வருஷம் ரசம் எரிகிறது என்றார். அடுத்த வருஷம் சோற்றை உருட்டி வாய்க்குள் வைக்க முடியவில்லை, விரலால் தள்ளினார். வயதாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். கன்னம் தடித்தபிறகுதான் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போனோம். வாய்ப்புற்று. இடது தாடையில் பாதியை எடுத்தார்கள். அதன்பிறகு இரண்டு வருஷம் கஞ்சி குடித்தே இருந்தார். அந்தக் கன்னத்தில் பல வருஷமாக ஒரு வெள்ளைத் திட்டு இருந்திருக்கும், அது வலித்திருக்காது.

'புகையிலை இல்லாமல்தான் போடுகிறேன், அதில் ஒன்றும் இல்லை' என்கிறவர்களுக்காக ஒன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. தாம்பூலத்தைத் தட்டில் வையுங்கள், சாமிக்கு வையுங்கள். தினமும் கன்னத்தில் வைக்காதீர்கள்.

இப்போது எல்லாரும் ஒன்று செய்யுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்றையும் சேர்த்து நெட்டுவாக்கில் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள், செய்யுங்கள். மூன்றும் போகிறதா? வாய் முழுதாகத் திறக்காமல் இரண்டுதான் போகிறது என்றால், காரம் பட்டால் எரிகிறது என்றால், தேய்த்தும் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், வலிக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கிளினிக்குக்குப் போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சின்ன வேலையோடு முடிந்துவிடும்.

வெளியே வேப்பமரத்தடியில் மேசையும் விளக்கும் போட்டிருக்கிறோம். கிளினிக்கிலிருந்து வந்த இளம் டாக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாரும் நம் பிள்ளைகள் மாதிரி. வாயில் வெற்றிலையோடு இருக்கும் அம்மாக்கள் குழாயடியில் துப்பிக் கொப்பளித்துவிட்டு முதலில் வாருங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான். பாயசம் தீர்ந்துவிடுமோ என்று பார்க்காதீர்கள், கடைசி ஆள் வரும்வரை பானையைத் திறக்கக்கூடாது என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் மேடையேறினேன்.