முன்னால் வரும் முகவரி

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் யாராவது தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவராக இருக்கலாம். அந்த இன்சுலின் ஒரு புரதம். அது ரத்தத்தில் பயணித்து, மற்ற செல்களை வெளியிலிருந்து தொட்டு வேலை செய்கிறது. ஆனால் நம் உடலில் அது உருவாவது கணையச் செல்லுக்குள்ளே, ரைபோசோம் என்ற மிகச் சிறிய இயந்திரத்தில். உள்ளே செய்த சரக்கு வெளியே போவது எப்படி? இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

கேட்க எளிதாக இருக்கும், ஆனால் நடுவே சவ்வு நிற்கிறது. சவ்வு என்பது கொழுப்பாலான படலம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று சமையலறையிலேயே பார்த்திருக்கிறோம். தண்ணீரோடு உறவாடும் பெரிய புரதம் ஒன்றை அந்த எண்ணெய்ப் படலத்தைத் தாண்ட வைக்க வேண்டும். வேறெதுவும் கசிந்துவிடக் கூடாது.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடே என்ற விஞ்ஞானி, புரதங்கள் போகும் பாதையைக் கண்டுபிடித்திருந்தார். வெளியே போகவேண்டிய புரதங்கள் முதலில் எண்டோபிளாச வலை என்ற உள்சவ்வு அறைக்குள் நுழைகின்றன. பிறகு கோல்கி உறுப்பு, அப்புறம் சிறு பைகளில் ஏறி வெளியே. சரி, வெளியே போகவேண்டிய புரதம் மட்டும் எப்படி அந்த முதல் வாசலைக் கண்டுபிடிக்கிறது? ரைபோசோம்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. சில சவ்வின்மேல் உட்கார்ந்திருக்கின்றன, சில மிதக்கின்றன. எதை எங்கே உட்கார வைப்பது என்று யார் சொல்கிறார்கள்?

1971-இல் அதே இடத்தில் வேலை செய்த குந்தர் புளோபல், டேவிட் சபாட்டினி இருவரும் ஒரு யோசனை சொன்னார்கள். சொல்வது புரதமேதான். ரைபோசோமிலிருந்து முதலில் எட்டிப் பார்க்கும் முனையிலேயே அதன் முகவரி இருக்கிறது என்றார்கள். அப்போது அவர்கள் கையில் நேரடிச் சான்று இல்லை. மறு ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைன் குழு ஒரு விசித்திரத்தைப் பார்த்தது. நோயை எதிர்க்கும் எதிர்ப்புரதத்தின் ஒரு சங்கிலியைச் சோதனைக் குழாயில் தயாரித்தால், செல்லிலிருந்து எடுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அந்தக் கூடுதல் துண்டு செல்லுக்குள் எங்கே போயிற்று?

பிறகு 1975-இல் புளோபலும் பெர்ன்ஹார்ட் டாபர்ஸ்டைனும் செய்த சோதனை. வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத சோதனை இது. எலியின் செய்தி ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் இழை), முயலின் ரைபோசோம், நாயின் கணையத்திலிருந்து எடுத்த சவ்வு. மூன்றையும் ஒரே குழாயில் சேர்த்தார்கள். சவ்வு இருந்தபோது புரதம் அதன் உள்ளே போயிற்று, முன் துண்டும் நறுக்கப்பட்டிருந்தது. புரதத்தைச் செரிக்கும் நொதியை வெளியே ஊற்றினாலும் உள்ளே போனதைத் தொட முடியவில்லை. சவ்வு இல்லாவிட்டால் துண்டு அப்படியே இருந்தது. புரதத்தை முழுதாகச் செய்து முடித்தபின் சவ்வைச் சேர்த்தால்? நுழையவில்லை. ஆக, நூல் நூற்கும்போதே ஊசித் துளையில் கோத்தாக வேண்டும். எனக்கு இதில் மிகப் பெரியதாகத் தோன்றுவது வேறொன்று: எலி எழுதிய முகவரியை நாயின் சவ்வு வாசித்துவிட்டது!

இன்சுலினிலும் அதே கதைதான். முதலில் 110 அமினோ அமிலங்கள், அதாவது புரதச் சங்கிலியின் கண்ணிகள். முன்னால் இருக்கும் 24-தான் முகவரி. உள்ளே போனதும் அது வெட்டப்படுகிறது. மீதி 86. இன்னும் சில வெட்டுகளுக்குப் பிறகு ரத்தத்துக்கு வரும் இன்சுலினில் இருப்பது 51.

1980-களின் தொடக்கத்தில் புளோபலோடு பீட்டர் வால்ட்டர் அந்த முகவரியை வாசிக்கும் ஆளையும் பிடித்தார். ஆறு புரதங்களும் ஓர் ஆர்.என்.ஏ. இழையும் சேர்ந்த துகள் அது. முகவரி வெளியே தலைகாட்டியதும் பற்றிக்கொள்கிறது, தயாரிப்பைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது, ரைபோசோமைச் சவ்வின் வாசலுக்கு அழைத்துப் போகிறது. வாசலின் வடிவத்தை 2004-இல் டாம் ராப்பபோர்ட் குழு, கடலடி வெந்நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரில் கண்டது. இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி, நடுவில் ஒரு சிறு அடைப்பான். நம் செல்களில் இருக்கும் வாசலும் அதே குடும்பம்தான்.

புளோபலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1945-இல், எட்டு வயதில், குடும்பத்தோடு வீட்டைவிட்டு ஓடிவந்தபோது ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரின் மாதா கோவில் குவிமாடத்தைப் பார்த்து மலைத்தவர் அவர். சில நாட்களில் அந்த நகரம் எரிந்தபோது வானம் சிவந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தார். பரிசுப் பணத்தை அந்தக் கோவிலையும் அங்கே யூதர்களின் தொழுகைக்கூடத்தையும் கட்டுவதற்குக் கொடுத்தார். கோவில் 2005-இல் மீண்டும் திறந்தது.

எண்டோபிளாச வலைக்கு ஒரு முகவரி என்றால் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேறு, செல்லுக்குள்ளேயே இருக்கும் பெராக்சிசோம் என்ற சிறு அறைக்கு வேறு. முகவரி மாறினால் என்ன ஆகும்? கல்லீரலில் ஏ.ஜி.டி. என்றொரு நொதி இருக்கிறது. அது பெராக்சிசோமில் இருந்தால்தான் ஆக்சலேட் என்ற கழிவுப்பொருள் அதிகமாக உருவாகாமல் தடுக்கும். சிலருக்கு மரபணுவில் சிறு மாற்றங்கள் சேர்ந்து அந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. நொதிக்கு வேலை தெரியும். இருக்கும் இடம்தான் தப்பு. விளைவு, சிறுநீரகத்தில் ஆக்சலேட் கற்கள், சிலருக்குச் சிறுநீரகமே செயலிழப்பு. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் பி6 பலன் தருகிறது. அரிதான நோய்தான். என்றாலும், ஒரு குழந்தைக்குச் சிறுநீரகக் கல் வந்தால், முக்கியமாக மறுபடி மறுபடி வந்தால், சிறுநீரில் ஆக்சலேட் அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

வணக்கம்.