ரோமில் கங்கைக்குத் தாடி!

வணக்கம் மக்களே! ரோமில் இருந்து பேசுகிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ட்ரெவி நீரூற்று இருக்கிறதே, எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு காசு வீசுவார்களே, அதன் தொட்டியோரம் போய் நிற்க 2026 பிப்ரவரியிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு 2 யூரோ டிக்கெட். காசு வீசுவதற்கே காசா? கூட்டம் என்றாலே நான் எப்படி ஓடுவேன் என்று நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். டிக்கெட்டும் வாங்கி, நசுங்கவும் வேண்டுமாம். போங்கப்பா என்று நேராகப் பியாட்சா நவோனா சதுக்கத்துக்கு வந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் பாருங்கள். நான்கு நதிகளின் நீரூற்று. சிற்பி பெர்னினியின் வேலை, 1651-இல் திறந்தார்கள். பாறையின் நடுவைக் குடைந்து விட்டிருக்கிறார்; இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் நடக்கிறவர்களின் கால் தெரிகிறது. அந்தப் பொந்துக்கு மேலேதான் அவ்வளவு பெரிய கல்தூண் நிற்கிறது! என்ன தைரியம் பாருங்கள். சுற்றிலும் நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகள்: டான்யூப், நைல், ரியோ டி லா பிளாட்டா, அப்புறம் நம்ம கங்கை.

கங்கை எங்கே என்று தேடினேன். இதோ, கையில் நீளத் துடுப்போடு இந்தத் தாடிக்காரர்தான்! நமக்குக் கங்கை தாய், சிவன் தலையில் இருப்பவள். இங்கே திண்ணையில் சாய்ந்து ஊர்வம்பு கேட்கும் பெரியப்பா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நதித் தெய்வம் என்றாலே தாடி வைத்த ஆணாக வடிப்பது அந்த ஊர்ச் சிற்பிகளின் பழைய வழக்கம். படகு ஓடும் நதி என்பதற்குத்தான் துடுப்பு. எனக்கு இவரை ரொம்பப் பிடித்துவிட்டது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

பக்கத்தில் ஒரு வழிகாட்டி, எதிரே இருக்கும், பெர்னினிக்குப் போட்டியாளரான கட்டடக் கலைஞர் போரோமினியின் தேவாலயம் இடிந்து விழும் என்று பயந்துதான் பிளாட்டா கையைத் தூக்குகிறார், அது பெர்னினியின் நக்கல் என்று கதை விட்டுக்கொண்டிருந்தார். தேவாலய வேலை தொடங்கியதே 1652-இல்! கட்டாத கட்டடத்தைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

இருங்கள், நைலை விட்டுவிட்டேன். தலையில் துணி போட்டு முகத்தை மூடியிருக்கிறார், பார்த்தீர்களா? நைல் எங்கே பிறக்கிறது என்று ஐரோப்பாவில் அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் முக்காடு. இதுதான் எனக்கு இருப்பதிலேயே பிடித்த யோசனை.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கட்டச் சொன்ன போப் பத்தாம் இன்னசென்ட் காலத்தில் ரோமில் ரொட்டிக்கே தட்டுப்பாடு. தூணும் வேண்டாம் நீரூற்றும் வேண்டாம், ரொட்டி கொடு என்று ஜனங்கள் சீட்டு எழுதி ஒட்டினார்கள். அந்தக் கடுப்பு எனக்கு இன்று முழுசாகப் புரிந்தது. இந்தச் சதுக்கத்தில் ஒரு கடை மேசையில் உட்கார்ந்து எஸ்பிரெஸோ சொன்னேன். விரல் அளவு கோப்பை, இரண்டு மடக்கு. பில் 6 யூரோ! உள்ளே கவுண்டரில் நின்று குடித்தால் ஒன்றரை யூரோதானாம். அப்படியானால் நாலரை யூரோ நாற்காலிக்கு. அந்த நாற்காலி ஆடிக்கொண்டு வேறு இருந்தது. காபியாவது நன்றாக இருந்ததா என்றால், ஒரே கசப்பு, அடியில் தீய்ந்த வாடை.

அப்புறம் தாகம். தண்ணீர் பாட்டில் விலையைக் கேட்கவே இல்லை. ரோம் தெருக்களில் 'நசோனே' என்று இரும்புக் குடிநீர்க் குழாய்கள் நிற்கும், நாள் முழுக்க ஓடும், இலவசம். அடுத்த சந்தில் ஒன்று. வளைந்த மூக்கின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வருகிறது, அப்படியே வாய் வைத்துக் குடிக்கலாம். ஐஸ் போட்ட மாதிரி ஜில்! சட்டை நனைந்தது, போகட்டும். அதை முழுசாக ஸ்லோமோஷனில் எடுத்திருக்கிறேன், கடைசியில் போடுகிறேன்.

அட, முக்கியமானதைச் சொல்லவில்லையே. கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த விர்கோ கால்வாயின் தண்ணீர்தான் இந்த நான்கு நதிகளின் நீரூற்றுக்கு. ட்ரெவிக்கும் அதே தண்ணீர்தான்! இங்கே டிக்கெட் கிடையாது. கமெண்டில் 'ட்ரெவி போகலையா அண்ணா' என்று கேட்கப் போகிறவர்கள், இந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.